ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணன்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் எப்படி? கிடங்கு வேலையில் முதுகைப் பார்த்துக்கொள். பெட்டியைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து தூக்கு.

ஒரு நல்ல சேதி. ஜூன் கடைசியில் நான் ஓய்வு பெறுவது உனக்குத் தெரியும். அதே மாதம் எங்கள் பாட்டில் தொழிற்சாலையின் கிரிக்கெட் அணிக்கு ஐம்பது வயது நிறைகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே விழாவாக நடத்தப் போகிறார்களாம். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை இருக்கிறதே, அதைப் புதுப்பித்து வாசலில் என் பெயரைப் பொறிக்கிறார்கள். பழைய விளையாட்டுச் செயலாளர் விசிலும் வருகிறார். எந்நேரமும் கழுத்தில் விசிலோடு திரிந்தாரே, அவர்தான். ஆள் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறார்.

நான் பேச வேண்டுமாம். சர்க்கரை ஆலை அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ஏறக்குறைய எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த இடது கைச் சுழல் பந்துக்காரன் வந்த பிறகுதான் கொஞ்சம் மங்கல். நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுதி அனுப்பு.

குட்டி பள்ளிக்கூட அணியில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். பெரியப்பாவின் ரத்தம் சும்மா போகுமா என்று அவளிடம் சொல்.

உன் அன்பு அண்ணன்

*

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளை தவறாமல் போடு. அண்ணி சொன்னால் கேள்.

உன் பெயரைப் பொறிப்பதில் எனக்கு மகிழ்ச்சி. இப்படி எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 'பெரியப்பாவின் ரத்தம்' என்ற வரியை நான் குட்டிக்குப் படித்துக் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள். மறுநாள் மட்டை பிடிக்கும்போது காலை எப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, சும்மா கதை விடாதீங்க. ஆடுனது பெரியப்பா. அவர் பேரத்தானே போடப் போறாங்க" என்றாள்.

அண்ணா, நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். உன் தொழிற்சாலைக்கு நன்றாக மட்டை பிடிக்கிற ஆள் ஒருவன் தேவைப்பட்டான். அவன் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். நீ தேறியிருந்தாய், ஆனால் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே உனக்குத் தெரியாது. எனக்கு அது ஒன்றுதான் தெரியும், கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டவன். அப்பா படுத்த படுக்கை. அம்மாதான் வழி சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரே அச்சுலதானே இருக்கீங்க. சின்னவன் போய் ஆடிட்டு வரட்டும், பெரியவன் போய் வேலை பாக்கட்டும்." அப்படித்தான் உன் பெயரில் நான் தேர்வு ஆட்டம் ஆடினேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் நீ. உலைப் பகுதியில் எல்லோரும் முகத்தில் துணியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள், உன் முகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேப்டனுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஜெயித்தால் சரி என்று அவன் கண்டுகொள்ளவில்லை.

நான் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் நீ தெருவில் தலை காட்ட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாய். சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "ஒவ்வொரு பந்தா சொல்லுடா, திங்கக்கிழமை கேப்பாங்க" என்பாய். நான் துடைப்பக்கட்டையைப் பிடித்து ஆடிக் காட்டுவேன். நீ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்வாய். இன்றைக்கு உனக்கு 'ஏறக்குறைய எல்லாம் ஞாபகம்' இருப்பது அப்படித்தான்.

மேடையில் ஒரே ஒரு வாக்கியம் சொல். 'ஆடியது என் தம்பி.' அது போதும் எனக்கு.

அண்ணிக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி பயமில்லை.

நீ வேடிக்கைக்கு எழுதியிருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடையில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஆள்மாறாட்டம் செய்து வேலைக்கு வந்தவன் என்பார்கள். ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். இத்தனை வருஷம் ஏறி வந்துவிட்டுக் கடைசிப் படியில் என்னைத் தலைகுப்புற விழச் சொல்கிறாயா?

நானும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. நீ வெளிநாடு போன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட ஆள் ஏது? முழங்கால் போய்விட்டது என்று சொல்லி, உலையிலிருந்து சரக்கறைக்கு மாற்றல் வாங்கினேன். அன்று முதல் தொழிற்சாலை வாசலில் நுழைந்ததும் நொண்ட ஆரம்பிப்பேன், வெளியே வந்ததும் நேராக நடப்பேன். ஒருநாள் மறதியில் கால் மாற்றி நொண்டிவிட்டேன். "என்ன சார், வலி இந்தப் பக்கம் வந்துடுச்சா?" என்று கேட்டான் குமாஸ்தா. சிரிக்காதே. இப்போது நான் வீட்டிலும் நொண்டுகிறேனாம், உன் அண்ணி சொல்கிறாள். நீ சில வருஷம் ஆடினாய். நான் ஒரு ஆயுள் முழுக்க நொண்டியிருக்கிறேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அப்பா எனக்குப் பெண் கொடுத்ததே அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான். இந்த வயதில் அவளிடம் போய் என்னவென்று சொல்வது? உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். இனி இதையெல்லாம் எழுதாதே.

இறுதி ஆட்டத்தின் விவரத்தை மட்டும் மறக்காமல் அனுப்பு.

உன் அண்ணன்

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியைக் காலையில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல். நீயும் கூடவே நட, நொண்டாமல்.

நீ கால் மாற்றி நொண்டியதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு வயிறு எரிந்தது. உன் நொண்டலுக்குக் கணக்கு வைத்திருக்கிறாய், என் ஆட்டத்துக்கு ஒரு வாக்கியம் இல்லையா உன்னிடம்?

நானும் ஒருநாளாவது என் பெயரில், என் முகத்தோடு அந்த மைதானத்தில் இறங்க வேண்டும் என்று கிடந்தவன். மூன்றாவது தடவை எழுதி ஒருவழியாகப் பத்தாவது தேறினேன். வெளியூர்ப் போட்டி ஒன்றில் சொந்தப் பெயரில் ஆடிச் சதமும் அடித்துவிட்டு வந்தேன். இனி உன் தொழிற்சாலையில் என்னையும் எடுத்துக்கொள்வார்கள், உன் சுமையும் இறங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பார்த்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நீ வந்து சொன்னாய். என் நேரம் அப்படி. பிறகு நீதான் அலைந்து திரிந்து இந்தக் கிடங்கு வேலையை வாங்கித் தந்தாய். அதை நான் மறக்கவில்லை. அந்த நன்றிதான் இத்தனை காலம் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. இங்கே வந்த பிறகு மட்டையைத் தொடவில்லை. பெட்டி தூக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது?

சரி, மேடையில் சொல்ல வேண்டாம். அண்ணியிடமும் சொல்ல வேண்டாம். குட்டிக்கு மட்டும் ஒரு கடிதம் எழுது. 'ஆடியது உன் அப்பா' என்று ஒரு வரி. அவள் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு.

நீ கேட்ட விவரம் தனித்தாளில் இருக்கிறது. அதில் ஒரு திருத்தம். கடைசிப் பந்தில் கவர் டிரைவ் அடித்து ஜெயித்ததாக அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். அது பொய். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, கீப்பருக்கும் ஸ்லிப்பில் நின்றவனுக்கும் நடுவே ஓடிப் போனது. நாள் முழுக்க அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். விளிம்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உன் தம்பி

*

மே 10

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சரக்கறையை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிற வேலை, தலைக்கு மேல் கிடக்கிறது. அண்ணிக்கு இப்போது தேவலை.

நீ அனுப்பிய விவரம் உபயோகமாக இருந்தது. ஆனால் கடைசிப் பந்தைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அது தவறு. உனக்கும் வயதாகிறது, குழப்பிக்கொள்கிறாய். அது கவர் டிரைவ்தான். இடது காலை நன்றாக முன்னால் கொண்டுபோய், தலையைத் தாழ்த்தி அடித்த அடி. பந்து புல்லை உரசிக்கொண்டே போய் எல்லைக் கோட்டைத் தொட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விளிம்பில் பட்டிருந்தால் கை அதிர்ந்திருக்கும். அன்றைக்குக் கை அதிரவே இல்லை.

குட்டிக்கு நீ கேட்டபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இனியாவது மனம் ஆறு. அங்கே வெயில் வந்துவிட்டதா?

உன் அண்ணன்

*

மே 10

செல்லக் குட்டிக்கு,

பெரியப்பா எழுதுவது. நன்றாகப் படிக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அணியில் ஆடுவது எங்களுக்கெல்லாம் பெருமை. ஆட்டத்துக்குப் பொறுமைதான் முக்கியம். அவசரப்படாதே. பந்தைக் கடைசி வரைக்கும் பார். இறுதி ஆட்டத்தில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தபோது நான் அதைத்தான் செய்தேன்.

உன் அப்பாவும் ஓரளவு ஆடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தான். அவன் சொல்வதையும் கேட்டுக்கொள்.

பெரியம்மா முத்தங்கள் அனுப்பச் சொன்னாள்.

உன் பெரியப்பா

*

ஜூன் 5

அண்ணனுக்கு,

நலம். அண்ணி தேறிவிட்டது அறிந்து ஆறுதல்.

குட்டி உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்கப் படித்தாள். நானும் அவள் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருந்தோம். எந்த இடத்தில் அந்த வரி வரும் என்று நான் ஒரு முட்டாளைப் போலக் காத்திருந்தேன். "ஓரளவு ஆடுவீங்களாமே அப்பா! நீங்க என்ன உதவி பண்ணுனீங்க, தண்ணி பாட்டில் தூக்குனீங்களா?" என்றாள். அவள் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

ஓரளவு! இந்த வார்த்தையை எங்கே போய்த் தேடிப் பிடித்தாய்? ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. நான் அதிர அதிர வாங்கிய பந்தைப் பற்றி, கை அதிரவில்லை என்று எனக்கே எழுதுகிறாய். உன்னிடம் சண்டை போட்டு என்ன பிரயோசனம்? நீ பொய் சொல்வதாகக்கூட எனக்கு இப்போது தோன்றவில்லை. நிஜமாகவே உனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. சொல்லிச் சொல்லி உன்னைக் கெடுத்தவன் நான்தான்.

போகட்டும். பிழைக்க வழி காட்டிய அண்ணன் நீ. அதை நினைத்து இத்தோடு விடுகிறேன். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். விழா நன்றாக நடக்கட்டும்.

தம்பி

*

ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உங்கள் எல்லோருடைய நலத்தையும் எழுதுங்கள். என் உடம்புக்கு இப்போது ஒன்றும் இல்லை. விழாவைப் பற்றி எழுதச் சொன்னால் உங்கள் அண்ணன் "அப்புறம் அப்புறம்" என்று தள்ளிப்போடுகிறார். அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன்.

பந்தல், ஒலிபெருக்கி என்று அமர்க்களப்படுத்திவிட்டார்கள். அறை வாசலில் அவர் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிப் பந்தை எப்படி அடித்தார் என்பதை மேடையிலேயே காலை முன்னால் வைத்துக் காட்டினார். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் செய்தாரே என்று எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிறகு விசில் பெரியவர் பேசினார். பாதி நேரம் உங்களைப் பற்றித்தான், தெரியுமா? அப்படியே சொல்கிறேன். "இவருக்கு ஒரு தம்பி இருந்தான். வெளியூர்ல ஒரு போட்டியில அவன் ஆடுனதப் பாத்து அசந்துட்டேன். முகமும் அண்ணன் ஜாடை, அச்சு அசல் அண்ணன் ஆட்டம், அதுக்கும் ஒரு படி மேல. மறுநாளே பெரிய முதலாளிகிட்ட உத்தரவு வாங்கிட்டு, தம்பியக் கூட்டிட்டு வாங்க, உடனே சேத்துக்கறோம்னு இவர்கிட்ட சொன்னேன். அவனுக்கு இஷ்டமில்ல சார், வெளிநாட்டுக்குப் போறான்னுட்டாரு. மனசு மாறி வருவானோன்னு ஒரு வருஷம் அந்த இடத்தக் காலியாவே வச்சிருந்தோம். கடைசி வரைக்கும் வரலியே அந்தப் பையன்!"

எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது! நீங்கள் போன பிறகுதானே நான் இந்த வீட்டுக்கு வந்தேன், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஏன் தம்பி வேண்டாம் என்றீர்கள்? அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் ஆடியிருந்தால் ஊரே வாயைப் பிளந்திருக்குமே. அவரிடம் கேட்டேன். "அவனுக்கு அப்போ வெளிநாட்டு மோகம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். விழா முடிந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஓய்வு பெற்ற ஏக்கம் போலிருக்கிறது. நீங்கள் இரண்டு வரி எழுதினால் தெம்பாக இருப்பார்.

குட்டிக்கு என் ஆசிகள்.

அண்ணி

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். உங்கள் நலம் பற்றி ஒரு தகவலும் இல்லையே. உடம்பு சரியில்லையா? கிடங்கில் வேலை அதிகமா?

அண்ணி ஏதோ எழுதினாளாம். தபாலில் போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள். விசிலுக்கு எண்பது தாண்டிவிட்டது. யாரைப் பற்றியோ சொல்ல வேண்டியதை யாரோடோ முடிச்சுப் போடுகிறார். மேடையில் அவரைத் திருத்த முடியுமா? நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஒரு முறை மூவரும் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போங்கள். குட்டிக்கு மைதானத்தைக் காட்டலாம். வேண்டுமானால் அவளிடம் நான் நேரில் பேசுகிறேன், நீ விரும்பியபடியே.

உன் அன்பு அண்ணன்

*

செப்டம்பர் 20

தம்பி,

நலமா? ஒரு வரி போடேன். திட்டியாவது எழுது. தபால்காரன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது உன் அண்ணி என் முகத்தைப் பார்க்கிறாள்.

அண்ணன்

*

அக்டோபர் 14

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விசில் யாரையும் யாரோடும் முடிச்சுப் போடவில்லை. அவர் சொன்ன வெளியூர்ப் போட்டி, நான் கிளம்பிய நேரம், எல்லாம் சரியாக இருக்கிறது. ஆள் எடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. நான் உள்ளே வந்தால் இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். நான் அப்படிப்பட்ட முட்டாள் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் நீங்கள் சொல்லவில்லை. நான் இங்கே முதுகு ஒடியப் பெட்டி தூக்கிய முதல் வருஷம் முழுவதும் அங்கே என் இடம் காலியாக இருந்திருக்கிறது. நான் உங்களுக்கு மாதம் தவறாமல் நன்றி சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணி கேட்டதற்குப் பதில் போட்டுவிட்டேன். நான்தான் வேண்டாம் என்றேன், அப்போது எனக்கு வெளிநாட்டு மோகம் என்று எழுதியிருக்கிறேன். உங்களைக் காப்பாற்ற எழுதவில்லை. அந்த வீட்டில் அவர் நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான். குட்டியிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அவள் பெரியப்பா ஆடினார் என்றே இருக்கட்டும்.

நான் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். வண்டி நகர்ந்து, கண்டக்டர் அதட்டிய பிறகுதான் விட்டீர்கள். நான் அடித்த ரன்களைப் பற்றி யாரிடமும் அதிகம் சொன்னதில்லை, சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? இதை மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம், கிடங்கில் கூட வேலை பார்க்கிறவர்களிடம், குட்டி சின்னவளாக இருந்தபோது தூங்க வைக்கையில். என்னை விட்டுப் பிரிய முடியாமல் அழுத அண்ணன் எனக்கு இருக்கிறான் என்று.

போன வாரம் குட்டி என்ன நினைத்தாளோ, "பெரியப்பா பஸ் ஸ்டாண்டுல அழுதாரே, அதச் சொல்லுங்கப்பா" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

இப்படிக்கு,
தம்பி